நெற்றிக்கு இடம் விடவும்

"சார், பாப்பாவுக்கு ஒரு மணி நேரத்துல ஒரு மூஞ்சி வரையச் சொல்லிக் குடுத்திருங்க. சாயங்காலம் ஸ்டேட்டஸ் வைக்கணும்."

வாட்ஸ்அப்பில் குரலாகவே வந்த இந்தச் செய்தியைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுவிட்டேன். எரிச்சல் அடங்கியபாடில்லை. ஒரு மணி நேரம் என்றதில் எனக்கு வருத்தமில்லை. ஊரில் எல்லாமே ஒரு மணி நேரத்தில்தான் நடக்கிறது, கல்யாண ரிசப்ஷன் உட்பட. அந்த 'சாயங்காலம்' இருக்கிறதே, அதுதான் உறுத்துகிறது. பிள்ளை பென்சிலைக் கையில் எடுக்கவில்லை, அதற்குள் படத்தை யார் யார் பார்க்க வேண்டும் என்பது முடிவாகிவிட்டது. பின்னணியில் குக்கர் விசில் வேறு. பருப்புக்கு நாலு விசில் பொறுக்கிறவர்கள் பாப்பாவுக்குப் பொறுக்க மாட்டேன் என்கிறார்கள்.

எங்கள் குடியிருப்போர் நலச் சங்கம் ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்தே தீருவது என்று தீர்மானம் போட்டிருக்கிறது. முன்பு ஒரு தரம் யோகா நடத்தினார்கள். சவாசனத்தில் படுத்த பிள்ளைகள் எழுந்திருக்கவே இல்லை. மே மாத மதுரையில் ஃபேனுக்குக் கீழே படுக்கச் சொன்னால் யார்தான் எழுந்திருப்பார்கள்? இந்த முறை, 'உங்கள் மனங்கவர்ந்த கதாபாத்திரத்தை உருவப்படமாக வரையலாம் வாங்க' என்று ஃப்ளெக்ஸ் வைத்துவிட்டார்கள். காது குத்துக்கே ஃப்ளெக்ஸ் வைக்கிற ஊர், அதைக் குறை சொல்வதற்கில்லை. தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரின் முகங்களும் அதில் ஆளுயரத்துக்கு இருந்தன. கதாபாத்திரம் ஒன்றுகூட இல்லை. அடியில் பொடி எழுத்தில் என் பெயர், அதற்கு முன்னால் 'ஓவியர்'.

ஓவியர் பட்டம் எனக்குக் கிடைத்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். வேலையில் இருந்த காலத்தில், மேலாளரின் பிரிவு உபசார விழாவுக்குக் கரும்பலகையில் சாக்பீஸால் அவர் முகத்தை வரைந்தேன். எல்லாரும் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் கண்டுகொண்டார்கள். கீழே அவர் பெயரை எழுதியிருந்தேன். அன்று முதல் எங்கள் வீட்டம்மா 'அவுக நல்லா வரைவாக' என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். இந்த வயதில் அதை மறுத்து யாரிடம் போய் நிற்பது?

மூக்கு வரைவதற்கு எனக்கு ஒரு வழி தெரியும். ரொம்பச் சுலபமான வழி, எந்தப் பிள்ளைக்கும் உடனே பிடிபடும். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையையே ஆரம்பித்தேன். ஆனால் எந்தக் காரியத்தையும் மேலிருந்துதான் தொடங்க வேண்டும், மூக்குக்கு மேலே நெற்றி இருக்கிறது.

நெற்றிக்கும் முன்னால் கதாபாத்திரம். ஆளுக்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். இதில் கால் பங்கு நேரம் போயிற்று. ஒரு பையன் தோனி என்றான். "தோனி நிஜ ஆள்டா, கதையில் வருகிற ஆளைச் சொல்லு" என்றேன். பின்னால் நின்றிருந்த அவனுடைய அப்பா, "நமக்கெல்லாம் அவரு கதைக்கும் மேல சார்" என்றார். அவர் கண் கலங்கியிருந்ததால் விட்டுவிட்டேன். நாலைந்து பேர் சோட்டா பீம். பாதி வகுப்பு டோரேமான். ஒரு சின்னப்பெண் எழுந்து, தெளிவாக, "கண்ணகி" என்றாள்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மதுரையில் இருந்துகொண்டு கண்ணகியை வரையாமல் வேறு யாரை வரைவது? ஆனால் அந்தச் சந்தோஷத்துக்கு ஆயுசு கம்மி. சங்கத்தின் மூத்த உறுப்பினர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர், நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "கண்ணகியைக் கற்பனைப் பாத்திரம்னு யாருய்யா சொன்னது? பழங்காநத்தத்துல கோவலன் பொட்டல் இருக்கு. கூடலூர் மலைமேல மங்கலதேவியில கோயில் இருக்கு, சித்ரா பௌர்ணமிக்கு ஜீப்பு ஜீப்பா ஜனம் போகுது. இல்லாதவளுக்கா கோயில் கட்டுவான்?" என்றார். சங்கத்தின் சார்பில் செயலாளர் வருத்தம் தெரிவித்தார். 'கதாபாத்திரம் மற்றும் காப்பிய நாயகர்' என்று அறிவிப்பைத் திருத்துவதாக முடிவாகி, வகுப்பு தொடர்ந்தது.

இப்போது நெற்றி.

உருவப்படத்தின் முதல் பாடம் உலகம் முழுக்க ஒன்றுதான். ஒரு முட்டை போடு, நடுவே கூட்டல் குறி போடு, படுக்கைக் கோட்டின்மேல் இரண்டு கண்ணை வை. உச்சந்தலைக்கும் மோவாய்க்கும் சரி பாதியில் கண் இருக்கிறது. கண்ணுக்கு மேலே பாதித் தலை, கண்ணுக்குக் கீழே பாதித் தலை. இரண்டு கண்ணுக்கும் இடையே ஒரு கண் அகலம். தலையின் முழு அகலம் ஏறக்குறைய ஐந்து கண். இதில் அபிப்பிராயத்துக்கு இடமே இல்லை, ஸ்கேல் வைத்தால் தெரிந்துவிடும். ஆனால் மனிதகுலம் இதுவரை நம்ப மறுத்துவருகிற உண்மைகளில் முதல் வரிசையில் இருப்பது இதுதான். பிள்ளைகள் நம்பவில்லை. "கண்ணு மேல தான சார் இருக்கு?" என்றார்கள். பெற்றோர் நம்பவில்லை. ஒரு அப்பா தன் தலையைத் தானே விரலால் அளந்து பார்த்துத் திடுக்கிட்டு, மெதுவாக என் காதில், "எனக்கு முடி கொட்டுனதால அப்படி வருதுங்களா?" என்றார்.

பிறகு எல்லாரும் அவரவர் இஷ்டத்துக்கு வரைந்தார்கள். முட்டையின் மேல் விளிம்பை ஒட்டி இரண்டு கண். கண்ணைத் தொட்டபடி புருவம், புருவத்திலேயே ஆரம்பிக்கிற தலைமுடி. நெற்றி என்று ஒன்று எந்தப் படத்திலும் கிடையாது. சோட்டா பீமுக்கு இல்லை, தோனிக்கு இல்லை, கண்ணகிக்கும் இல்லை. தாளைக் கையில் வாங்கிப் பார்க்கப் பார்க்க எனக்கு என் நெற்றியே வலிக்க ஆரம்பித்துவிட்டது.

நெற்றியை விட்டுவிட்டுப் பிழைக்கிற ஊரா இது? நம் முகத்திலேயே ஓயாமல் வேலை நடக்கிற இடம் அதுதானே? திருநீற்றுப் பட்டைக்கு நெற்றி, நாமத்துக்கு நெற்றி, சந்தனத்துக்கு நெற்றி. ஸ்டிக்கர் பொட்டுக்கு நெற்றி, அது ஒட்டாமல்போனால் கண்ணாடியில் ஒட்டிவைத்துவிட்டு மறுபடியும் நெற்றி. மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போய்விட்டு வெளியே வருகிற ஆளின் நெற்றியைப் பார்த்தே எந்தெந்தச் சன்னிதியில் நின்றார் என்று சொல்லிவிடலாம். தலைவலித் தைலம் நெற்றியில். அமிர்தாஞ்சனக் காலத்திலிருந்து அதற்கு மாற்றிடம் கிடையாது. காய்ச்சலா என்று பார்க்கக் கை வைப்பது நெற்றியில், அதற்குப் பிறகு துப்பாக்கி ஒன்றைக் காட்டி வெப்பம் பார்த்தார்களே, அதுவும் நெற்றியில்தான். பத்தாம் வகுப்பு ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு அப்பா அடித்துக்கொள்வது நெற்றியில். மீசையில் யாரும் அடித்துக்கொள்வதில்லை.

எல்லாவற்றையும் விடுங்கள். பிரம்மன் தலையெழுத்தை எழுதுவது எங்கே? இந்தப் பிள்ளைகள் வரைந்த முகங்களில் அவருக்கு ஒரு வரிகூட எழுத இடமில்லை. பேரும் ஊரும் எழுதலாம், பின்கோடு புருவத்தில் இறங்கிவிடும். படிப்பு, வேலை, கல்யாணம், கடன், முழங்கால் வலி இத்தனையும் எங்கே எழுதுவார்? பின்பக்கம் பார்க்கவும் என்று போடுவாரா?

மற்ற ஊர்ப் பிள்ளைகள் விட்டாலாவது மன்னிக்கலாம். மதுரைப் பிள்ளைகள் நெற்றியை விடுவதற்கு நியாயமே கிடையாது. சிவபெருமான் புலவர் வேடத்தில் வந்து நக்கீரரோடு வழக்காடி நெற்றிக்கண்ணைத் திறந்தது இந்த ஊர்ச் சங்கத்தில். வெப்பம் தாளாமல் நக்கீரர் போய் விழுந்தது இந்த ஊர்ப் பொற்றாமரைக் குளத்தில். அந்தக் குளத்துப் படிக்கட்டில் உட்கார்ந்துதான் இன்றும் ஊர் மொத்தமும் குடும்ப விவகாரம் பேசுகிறது. 1965-ல் 'திருவிளையாடல்' படத்தில் சிவாஜி கணேசன் சிவனாக நின்று கண்ணைத் திறந்தபோது, எதிரே நக்கீரராக நின்றவர் படத்தை இயக்கிய ஏ.பி. நாகராஜனே. சம்பளம் வாங்குகிற நடிகரே தன்னைச் சுடுகிற அந்தக் கொடுமையை எந்த இயக்குநர் தாங்குவார்? போகட்டும். என் வகுப்பில் ஒருவன் அந்தச் சிவனைத்தான் வரைந்தான். மூன்றாவது கண்ணுக்கு இடமில்லை. யோசித்தான். ஜடாமுடிக்குள்ளே வைத்துவிட்டான். கேட்டால், "உள்ள இருக்கு சார், தேவைப்பட்டா வெளிய வரும்" என்றான். அந்த ஏற்பாட்டில் திறந்திருந்தால் சிவனுக்கு முடி கருகியிருக்கும், நக்கீரர் வாதத்தைத் தொடர்ந்திருப்பார்.

இதற்கெல்லாம் யார் காரணம் என்று எனக்குத் தெரியும். டோரேமான். 1969-ன் கடைசியில் ஜப்பானில் பிறந்த இந்த நீலப் பூனை, பூனையும் இல்லை, ரோபோ, இரண்டு கண்ணையும் ஒட்டவைத்து உச்சந்தலைக்கு அருகில் மாட்டிக்கொண்டு அரை நூற்றாண்டாகத் திரிகிறது. நெற்றி சுத்தமாகக் கிடையாது. காதும் கிடையாது. "காதை எலி கடிச்சிருச்சு சார்" என்று பிள்ளைகள் எனக்கு விளக்கினார்கள். வரலாறு அவ்வளவு துல்லியமாகத் தெரிகிறது. எலி நெற்றியையும் கடித்துவிட்டதா என்று கேட்டேன். பதில் இல்லை. தமிழ் பேசுகிற டோரேமானைத் தினமும் டிவியில் பார்க்கிற பிள்ளைக்கு, கண்ணுக்கு மேலே பாதித் தலை இருக்கிறது என்று கிழவன் ஒருவன் சொன்னால் எப்படி ஏறும்?

அந்தக் காலத்தில் நமக்கு நெற்றியைக் காட்ட ஆள் இருந்தது. கோவில்பட்டியில் இருந்துகொண்டு கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்த சாமி படங்கள், சிவகாசியில் அச்சாகி, மளிகைக்கடை காலண்டராக வீட்டுக்கு வீடு தொங்கின. முருகனுக்கு நெற்றி அகலம், லட்சுமிக்கு அகலம், பட்டை போட்டு நடுவில் பொட்டு வைத்து அதற்குப் பிறகும் மிச்சம் இருக்கும். திருவள்ளுவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் முகத்தைப் பார்த்தவர் யாரும் இல்லை. கே.ஆர். வேணுகோபால் சர்மா யோசித்து யோசித்து ஒரு முகத்தை வரைந்தார். 1964-ல் அது சட்டமன்றத்தில் திறந்துவைக்கப்பட்டது, அதற்குப் பிறகு வேறு முகம் கிடையாது என்று தமிழ்நாடே ஒத்துக்கொண்டது. நம்மவர்கள் இத்தனை பேர் சண்டை சச்சரவில்லாமல் ஒத்துக்கொண்ட விஷயம் அநேகமாக அந்த முகமாகத்தான் இருக்கும். அந்தச் சடைமுடிக்கும் புருவத்துக்கும் நடுவே எவ்வளவு இடம் விட்டிருக்கிறார் என்று அடுத்த முறை பஸ்ஸில் ஏறும்போது பாருங்கள். அவ்வளவு பெரிய நூலை யோசித்த ஆளுக்கு அந்த நெற்றி வேண்டாமா?

நமக்கு, அதாவது பெரியவர்களுக்கு, ஆதார் அட்டையில் மட்டும் நெற்றி இருக்கிறது. அதில் வேறு எதுவும் தெரியாது. மற்றபடி செல்ஃபிதான். கையை நீட்டிப் பிடித்தால் பின்னால் நிற்கிற தெப்பக்குளம் விழ வேண்டும், மைய மண்டபம் விழ வேண்டும், மச்சானும் விழ வேண்டும், இத்தனைக்கும் இடம் கொடுத்துவிட்டு நம் நெற்றி மேலே வெட்டுப்பட்டுப் போகும். ஆக நெற்றியில்லாத பெற்றோருக்குப் பிறந்த பிள்ளைகள் இவர்கள் என்று ஒருவாறு மனத்தைத் தேற்றிக்கொண்டேன்.

மூக்குக்கு வருகிறேன், கொஞ்சம் பொறுங்கள். நடுவில் ஒரு தாத்தா குறுக்கிட்டார்.

பேரன் வந்தியத்தேவனை வரைந்துகொண்டிருந்தான். வரைந்துகொண்டிருந்தான் என்றால், செல்போனில் கார்த்தியின் படத்தை வைத்துப் பார்த்துப் பார்த்து வரைந்துகொண்டிருந்தான். தாத்தாவுக்குப் பொறுக்கவில்லை. "இதுவாடா வந்தியத்தேவன்? மணியம் வரைஞ்சதைப் பார்த்திருக்கியா நீ? வாராவாரம் கல்கி வந்ததும் எங்க வீட்டுல முதல்ல படத்தைப் பார்த்துட்டுத்தான் கதைக்கே போவோம்" என்றார். பேரன் நிமிர்ந்து, "மணியம் அவரை நேர்ல பார்த்தாரா?" என்றான். தாத்தா உட்கார்ந்துவிட்டார்.

கேள்வி என்னமோ சரியானதுதான். 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை கல்கியில் தொடராக வந்தது. மணியம் அந்த முகங்களைப் போட்டுக்கொடுத்ததும் ஊர் அதையே நிஜமாக எடுத்துக்கொண்டது. பிற்பாடு அவர் மகன் மணியம் செல்வன் வரைந்தார், பத்மவாசன் வரைந்தார். 2022-ல் மணிரத்னம் படம் வந்ததும் கார்த்தி. ஒரு குடும்பத்தில் மூன்று தலைமுறைக்கு மூன்று வந்தியத்தேவன். கண்ணகியும் அப்படியே. பாட்டிக்குக் கண்ணகி என்றால் 1942-ல் வந்த படத்தின் கண்ணாம்பா. அம்மாவுக்கு 1964-ல் 'பூம்புகார்' விஜயகுமாரி. எனக்கு, 1968-ல் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டிச் சென்னைக் கடற்கரையில் வைத்த சிலை. விக்கிரமாதித்தன் என்றால் யாருக்கும் சந்தேகமே கிடையாது, அம்புலிமாமாவில் சங்கர் வரைந்த ஆள்தான்: கையில் உருவிய வாள், தோளில் பிணம், பின்னால் சுடுகாடு. 2020-ல் சங்கர் மறைந்தபோது வேதாளத்துக்கே துக்கம் கேட்கப் போகலாம் என்று தோன்றியது.

நான் சொல்ல வந்தது, இதெல்லாம் யாரோ ஒருவர் யோசித்து வரைந்த முகங்கள். நாம் வாங்கி வைத்துக்கொண்டோம். அப்படியிருக்க, இந்தப் பிள்ளைகளும் தங்கள் மனத்துக்குத் தோன்றுகிற முகத்தை வரையட்டும், செல்போனை உள்ளே வையுங்கள் என்றேன். வகுப்பில் ஒரு அமைதி. பிறகு ஒரு அம்மா, ரொம்ப மரியாதையாக, "பார்த்து வரைஞ்சாவே கோணலா வருது சார். பார்க்காம வரைஞ்சா என்ன கதி?" என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். செல்போன்கள் மறுபடி வெளியே வந்தன.

பார்த்து வரைவதாக இருந்தால் நிஜமாகவே பார்க்க வேண்டிய உருவங்கள் இதே ஊரில் நிற்கின்றன. மீனாட்சியம்மன் கோயிலுக்குக் கிழக்கே புதுமண்டபத் தூண்களில் நாயக்க மன்னர்கள் வரிசையாகக் கைகூப்பி நிற்கிறார்கள். திருமலை நாயக்கரும் நிற்கிறார், தொப்பையோடு. பதினேழாம் நூற்றாண்டுச் சிற்பி, மகாராஜாவின் வயிற்றை உள்ளபடி செதுக்கியிருக்கிறார். ராஜா அதை உள்ளே தள்ளச் சொல்லவில்லை. அந்த மண்டபத்தில் வெகுகாலம் தையல் மெஷின்களும் பாத்திரக்கடைகளும் புத்தகக்கடைகளும் இருந்தன. பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் கோனார் உரை வாங்கப் போய், கூட்டத்தில் நசுங்கி, நாயக்கர் வயிற்றில் சாய்ந்து நின்றவர்கள் நாங்கள். அவ்வளவு நெருக்கத்தில் உருவச்சிலை பார்க்க வேறு எந்த ஊர்ப் பிள்ளைக்கு வாய்த்தது? ஆனால் எங்களில் ஒருவனும் அதை வரைந்ததில்லை. நாங்கள் அப்போது இரண்டு மலைக்கு நடுவே சூரியனைப் போட்டுக்கொண்டிருந்தோம்.

கண்ணகிக்கு வருகிறேன். அந்தப் பெண் வரைந்ததை இன்னும் மறக்க முடியவில்லை. ஒரு கண்ணை அவள் பிரமாதமாக வரைந்திருந்தாள். இமை, மை, உள்ளே ஒளிப்புள்ளி எல்லாம் வைத்து. உருவம் வரைந்த எவருக்கும் தெரியும், ஒரு கண் வந்துவிடும். அதற்கு ஜோடி வராது. இரண்டாவது கண் சற்று மேலேறும், அல்லது தூங்கும், அல்லது வேறு ஒருவருடைய கண்ணாக இருக்கும். ரப்பர் வைத்து அழித்து அழித்துத் தாள் நைந்து, அந்த இடத்தில் மட்டும் ஒரு சாம்பல் மேகம் படியும். இவள் அழிக்கவே இல்லை. விரித்துப்போட்ட கூந்தலை அப்படியே இழுத்து இரண்டாவது கண்ணை மூடிவிட்டாள். இளங்கோவடிகள் கண்ணகியைத் தலைவிரி கோலமாகப் பாண்டியன் அவைக்கு அனுப்பியதில் ஓவியம் படிக்கும் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு உபகாரம் இருக்கும் என்று உரையாசிரியர் எவரும் சொன்னதில்லை.

வலக்கையில் ஒற்றைச் சிலம்பு. அது உளுந்த வடையாக வந்திருந்தது. பரவாயில்லை. நடுவில் சிவப்புப் புள்ளிகள் வைத்திருந்தாள். "என்ன இது?" என்றேன். "மாணிக்கம். ராணியோடதுல முத்துதான் இருக்கும்" என்றாள். வழக்கே அந்தப் புள்ளியில்தான் தீர்ந்தது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தமிழாசிரியர் நாற்காலியிலேயே நிமிர்ந்து உட்கார்ந்தார்.

எல்லாம் சரி, கண்ணகி சிரித்துக்கொண்டிருந்தாள். சின்னச் சிரிப்பு இல்லை. காதுக்குக் காது, பல் வரிசை தெரிய. பின்னால் ஆரஞ்சு கிரையானில் மதுரை கொழுந்துவிட்டு எரிகிறது, முன்னால் கண்ணகி கையில் வடையோடு சிரிக்கிறாள்.

"ஏம்மா சிரிக்கிறா? கோவமாத்தானே இருப்பா?"

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மாதான் பதில் சொன்னார்: "நான்தாங்க சிரிச்ச மாதிரி போடச் சொன்னேன். அழுமூஞ்சியா இருந்தா பிரைஸ் குடுக்க மாட்டாங்க."

"அழவில்லைம்மா, நியாயம் கேட்க வந்திருக்கிறாள்."

"அதைச் சிரிச்சுக்கிட்டே கேட்கலாமே சார்."

மதுரை நகரத்தை எரித்த காப்பியத்துக்கு இதைவிடச் சுருக்கமான மறுப்பை நான் கேட்டதில்லை. சிரித்துக்கொண்டே கேட்டிருந்தால் பாண்டியனும் பிழைத்திருப்பான், தெற்குமாசி வீதியும் தப்பித்திருக்கும். அந்தப் பெண் மட்டும் என்னைப் பார்த்து மெல்லிய குரலில், "நான் மொதல்ல கோவமாத்தான் போட்டேன்" என்றாள். பல்லுக்கு அடியில் பழைய கோடு தெரிந்தது. கீழ்நோக்கி இறங்குகிற, அழுத்தமான கோடு. சரியாக அழிபடவில்லை.

நம் பிள்ளைகள் வரைகிற எந்த முகமும் சிரித்தாக வேண்டும் என்று யார் சட்டம் போட்டது? சூரியன் சிரிக்கிறது, மாம்பழம் சிரிக்கிறது, டெங்கு விழிப்புணர்வுப் போஸ்டரில் கொசு சிரிக்கிறது. பிள்ளைக்குக் கோபம் வந்தால் திட்டுகிறோம், சரி. அது வரைகிற ஆளுக்குக்கூடக் கோபம் வரக் கூடாதா? எனக்கு அன்று வந்த கோபத்தை யாராவது வரைந்திருந்தால் பிரைஸ் கிடைத்திருக்காது.

இந்த எரிச்சலோடுதான் பரிசுத் தேர்வுக்கு உட்கார்ந்தேன். தேர்வுக் குழு என்பது நான், தமிழாசிரியர், செயலாளர். செயலாளர் மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓவியத்தில் அவருடைய அளவுகோல் ஒன்றுதான், கலர் வெளியே வந்திருக்கிறதா இல்லையா. வெளியே வராத படம் ஒன்றே ஒன்று இருந்தது. அது ஒரு டோரேமான். அதன் நீலம் அத்தனை ஒழுங்காக, அத்தனை வழவழப்பாக நிரம்பியிருந்தது. வரைந்ததாகச் சொல்லப்பட்ட பையன் அந்த நேரம் முழுக்க மாடிப்படியில் சறுக்கிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். அவன் அப்பாவின் கட்டைவிரல் மட்டும் நீலமாக இருந்தது. முதல் பரிசு அதற்குத்தான் என்று செயலாளர் எழுதியே விட்டார். தமிழாசிரியர் கண்ணகிக்குக் கேட்டார். சிரிக்கிறாளே என்று நான் இழுத்தேன். அதற்கு அவர், "சிரிச்சா என்ன? பரல் சரியா இருக்கு" என்றார். இரண்டாம் பரிசு கண்ணகிக்கு.

மூன்றாவதற்கு நான் ஒரு படத்தை எடுத்து வைத்தேன். முழு வெள்ளைத் தாள். நடுவே ஒரு கை மட்டும். இரும்புக் கை. கணுக்கணுவாக, ஒவ்வொரு மூட்டிலும் திருகாணி வைத்து, நிழல் போட்டு, அசந்துபோகிற மாதிரி வரைந்திருந்தான். முகம் கிடையாது, உடம்பு கிடையாது, கீழே 'இரும்புக்கை மாயாவி' என்று எழுதியிருந்தது. 1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வந்தபோது முதல் இதழில் வந்த அதே மாயாவி. லண்டன் பத்திரிகைக்காக ஸ்பெயின்காரர் ஜெஸூஸ் பிளாஸ்கோ வரைந்த ஆள், சிவகாசி வழியாக எங்கள் தலைமுறையின் கணக்கு நோட்டுக்குள் ஒளிந்திருந்த ஆள். பையனுடைய பெரியப்பா பழைய இதழ்களைப் பரணில் வைத்திருக்கிறாராம்.

செயலாளர் தாளைத் திருப்பிப் பார்த்தார். "படம் எங்க?"

பையனைக் கூப்பிட்டோம். "அவரு கரன்ட்டைத் தொட்டா மறைஞ்சிருவாரு அங்கிள். கை மட்டும்தான் தெரியும்."

"அப்ப மொகம்?"

"இருக்கு. தெரியாது."

எனக்குப் புல்லரித்தது. அழகர்கோயில் கோபுர வாசலில் பதினெட்டாம்படிக் கருப்பை, உருவம் இல்லாமல், சந்தனம் பூசிய மூடிய கதவாகவே கும்பிட்டு, சத்தியம் செய்ய அஞ்சி நடுங்குகிற ஊர் இது. முகம் தெரிந்தால்தான் ஆள் என்று யார் சொன்னது? அந்த அரங்கத்தில் செல்போனைப் பார்க்காமல், அம்மா சொல்லாமல், நெற்றிப் பிரச்சினையே வராமல் பண்ணி, தன் ஆளை உள்ளபடி வரைந்தவன் இவன் ஒருவன்தான். முதல் பரிசே இவனுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று மேசையைத் தட்டிச் சொல்லிவிட்டேன்.

செயலாளர் நான் சொன்னதைக் கவனிக்கவே இல்லை. அவர் பையனையே பார்த்துக்கொண்டிருந்தார். "கரன்ட்டைத் தொட்டா என்ன ஆவான்?"

"மறைஞ்சிருவாரு."

"மறையமாட்டான். போயிருவான். தம்பி, எத்தனை வோல்ட்டு?"

"தெரியல அங்கிள்."

"வோல்ட்டு தெரியாம லைனைத் தொட்டா எப்படி? கால்ல செருப்பு போட்டிருக்கானா? கீழ ரப்பர் பாய் இருக்கா? இரும்புக் கை வேற. இரும்பு கடத்தும்னு ஸ்கூல்ல சொல்லிக் குடுக்கல?" என்று எழுந்துவிட்டார். கூடியிருந்த பெற்றோர் பக்கம் திரும்பினார். சிறுவர்கள் சுவிட்ச்போர்டில் விரல் விடுவதைத் தூண்டுகிற படங்களைச் சங்கம் ஊக்குவிக்காது என்றார். பெற்றோர் கைதட்டினார்கள். அதில் உற்சாகமாகி, எர்த் ஒயர் எதற்கு, பச்சை ஒயரை ஏன் வெட்டக் கூடாது, இடி மின்னலின்போது டிவி பிளக்கை ஏன் பிடுங்க வேண்டும் என்று ஆரம்பித்தார். பலகையில் என்னுடைய முட்டையையும் கூட்டல் குறியையும் அழித்துவிட்டு, மூன்று முனை பிளக்கின் படத்தைப் போட்டார்.

நன்றாகவே போட்டார், சனியன். அளவு சரியாக இருந்தது. மேல் முனை கொஞ்சம் தடிமன்கூட. பிள்ளைகள் எல்லாரும் தாளைத் திருப்பிப்போட்டு, அம்மா சொல்லாமலே, அதைப் பார்த்து வரைய ஆரம்பித்தார்கள்.